மெட்ரிக்ஸ் – தாயம் – கோலத் தாயம்

ஒன்பது கட்டம், எட்டில் உருக்கள், ஒன்று வெற்றிடம். அதற்குரிய உருவைக் கீழேயுள்ள விடைகளிலிருந்து தெரிவு செய்ய வேண்டும். இலங்கை மலையகத்தில் நுண்ணறிவு வினாத்தாளுக்குப் படிக்கும் ஐந்தாம் தரப் பிள்ளைகள் பலர் இதை ‘மெட்ரிக்ஸ்’ என்ற பெயரிலேயே அறிகிறார்கள்.

லத்தீனில் ‘மாத்தர்’ என்றால் தாய். அதிலிருந்து வந்த ‘மாத்ரிக்ஸ்’ கருப்பையைக் குறித்தது. 1850இல் சில்வெஸ்டர் என்ற ஆங்கிலேயக் கணிதவியலாளர், துணிகோவைகள் (எண் அடுக்கிலிருந்து கணித்துப் பெறும் பெறுமானங்கள்) பிறக்கும் இடம் என்ற கருத்தில் எண்களின் செவ்வக அடுக்குக்கு அப்பெயரை வைத்தார். 1938இல் உளவியலாளர் ஜோன் ரேவன் தம் நுண்ணறிவுச் சோதனைக்கு அதையே எடுத்துக்கொண்டார். அதன் பொது வடிவத்தில் 60 வினாக்கள். பன்னிரண்டு பன்னிரண்டாக ஐந்து தொகுதிகள். போகப் போகக் கடினமாகும் என்பதால் ‘படிமுறை’ என்ற அடைமொழியும் சேர்ந்தது.

கணிதத்தில் வரும் அந்த எண் அடுக்கைத் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் ‘அணி’ என்கின்றன. நம் பாடநூல்களில் ‘தாயம்’. தாய் என்ற சொல்லோடு ஒலி ஒத்திருக்கிறது என்பதற்காக இரண்டுக்கும் உறவு கற்பிக்க வேண்டாம். தாயம் என்பதற்குப் பங்குரிமை, சூதாட்டக் காய் விழும் எண் என்ற பழைய பொருள்கள் உண்டு. ஆனால் கணிதத் தாயம் மேல் வகுப்பில்தான் வருகிறது. ஐந்தாம் தரப் பிள்ளைக்கு அது வெறும் ஓசை. ‘கோலம்’ அப்படியில்லை. எண் கோலம் பாடத்தில் இருக்கிறது, மாவுக்கோலம் வாசலில் இருக்கிறது. ஆகவே உருக்கள் வரும் இந்தப் புதிரைக் ‘கோலத் தாயம்’ என்று சொல்லலாம் என்பது என் கருத்து.

குறுக்கு வரிசை நிரை, நெடுக்கு வரிசை நிரல். தேயிலை மலையில் நிரை பிடித்துக் கொழுந்தெடுக்கும் வீட்டுப் பிள்ளைக்கு முதற்சொல்லை விளக்கவே வேண்டியதில்லை. ஓர் உதாரணம்: முதல் நிரையில் வட்டம், சதுரம், முக்கோணம். இரண்டாவதில் சதுரம், முக்கோணம், வட்டம். மூன்றாவதில் முக்கோணம், வட்டம், பிறகு வெற்றிடம். ஒவ்வோர் உருவுக்குள்ளும் புள்ளிகள்: முதல் நிரலில் ஒன்று, அடுத்ததில் இரண்டு, கடைசியில் மூன்று. உருவை மட்டும் பார்ப்பவர் சதுரம் என்று கண்டதுமே நின்றுவிடுவார். விடைகளில் இரண்டு புள்ளிச் சதுரமும் இருக்கும். உருவுக்கு ஒரு விதி, புள்ளிக்கு இன்னொரு விதி என்று பிரித்து, நிரை வழியே கண்டதை நிரல் வழியே சரிபார்த்தால் மூன்று புள்ளிச் சதுரமே எஞ்சும்.

ரேவனின் சோதனை வாசிப்பறிவை நம்பி நிற்பதில்லை. ஆனாலும் இத்தகைய கட்டங்களை முன்பே பார்த்துப் பழகிய பிள்ளைக்கு முந்துகை உண்டு. தோட்டப் பள்ளிகளிலும் இவற்றைத் தமிழில் பெயர் சொல்லி, விதி சொல்லிப் பழக்க வேண்டும் என்று நான் கேட்பது அதனால்தான்.