சிறைக்குள் சூழல் காப்பு வேலை: யார் சேரலாம், என்ன கிடைக்கும், எங்கே சறுக்கும்

சிறைகளில் சூழல் திட்டம் என்ற பெயரில் பல வேலைகள் நடக்கின்றன. சமையற்கட்டுக் கழிவை உரமாக்குவது, தண்ணீரையும் மின்சாரத்தையும் மிச்சப்படுத்துவது, நாற்றங்கால் வைப்பது ஆகியவை மதிலுக்குள் முடிந்துவிடும். அருகிவரும் செடிகளையும் உயிரினங்களையும் வளர்த்து இயற்கையில் விடுவது இன்னொரு வகை. மூன்றாவது, காவலுடன் வெளியே போய்க் காட்டுத்தீயைத் தடுப்பது, புதர் அகற்றுவது போன்ற முகாம் வேலை. எதில் சேர்ந்தாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்விகள் நான்கு: சேர்வது என் விருப்பமா? கூலி உண்டா? அடிபட்டால் யார் பொறுப்பு? வெளியே போகும்போது கையில் என்ன சான்றிதழ் இருக்கும்?

இந்தக் கேள்விகளுக்குப் பிடிமானம் ஐ.நா. பொதுச் சபை 2015 டிசம்பர் 17 அன்று ஏற்ற நெல்சன் மண்டேலா விதிகள். மொத்தம் 122 விதிகள். சட்டம்போல நேரடியாகக் கட்டுப்படுத்தும் வலு இவற்றுக்கு இல்லை. ஒவ்வொரு நாட்டின் சிறைச் சட்டமும் கையேடுமே முடிவு சொல்லும். ஆனால் மனு எழுதும்போது எடுத்துக்காட்ட இவற்றைவிடத் தெளிவான அளவுகோல் கிடையாது. வேலை வேதனை தருவதாக இருக்கக் கூடாது, கைதியை அடிமையாக நடத்தக் கூடாது என்கிறது விதி 97. விடுதலைக்குப் பின் பிழைப்புக்கு உதவும் வேலையாக இருக்க வேண்டும் என்கிறது விதி 98. வேலையில் காயம்பட்டாலோ நோய் வந்தாலோ வெளியிலுள்ள தொழிலாளிக்குக் கிடைப்பதற்குக் குறையாத இழப்பீடு வேண்டும் என்பது விதி 101. வாரம் ஒரு நாள் ஓய்வு, படிப்புக்கும் போதிய நேரம் என்பது விதி 102. கூலி நியாயமாக இருக்க வேண்டும், அதில் ஒரு பகுதியைத் தன் தேவைக்குச் செலவிடலாம், ஒரு பகுதியை வீட்டுக்கு அனுப்பலாம், மீதியைச் சேமித்து விடுதலையின்போது தர வேண்டும் என்பது விதி 103.

விசாரணைக் கைதிகளின் நிலை வேறு. விதி 116-இன்படி அவர்களுக்கு வேலை வாய்ப்புத் தர வேண்டும், கட்டாயப்படுத்தக் கூடாது, விரும்பிச் செய்தால் கூலி தர வேண்டும். "எல்லோரும் தோட்டத்துக்குப் போங்கள்" என்று ஒரு பிளாக்கையே கிளப்பும் இடங்களில் பெரும்பாலும் மீறப்படுவது இந்த விதிதான்.

தனியார் நிறுவனம் நாற்று வாங்குகிறது, உரம் வாங்குகிறது என்றால் இன்னொரு கேள்வியும் எழும். 1930-ஆம் ஆண்டின் கட்டாய உழைப்பு பற்றிய ஐ.எல்.ஓ. (சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு) உடன்படிக்கை (எண் 29) நீதிமன்றத் தண்டனை பெற்றவரின் வேலைக்கு விலக்குத் தருகிறது. ஆனால் அந்த வேலை அரசின் மேற்பார்வையில் நடக்க வேண்டும். கைதியைத் தனியாரின் கையில் ஒப்படைக்கக் கூடாது. தனியாருக்காக வேலை செய்வதென்றால், ஐ.எல்.ஓ. நிபுணர் குழுவின் விளக்கப்படி, கைதி மனமுவந்து, எழுத்தில் சம்மதிக்க வேண்டும். கூலியும் பாதுகாப்பும் வெளி உலகத் தொழிலாளிக்கு நெருங்கி வர வேண்டும். சம்மதப் படிவத்தின் நகலைக் கேட்டு வாங்கி வைப்பது நல்லது.

தொடங்குவதற்கு எளிதானது, பலன் உடனே தெரிவது, கெட்டுப்போகவும் எளிதானது உரக்குழிதான். அதனால் அதைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

ஈரக் கழிவு ஒரு வாளி என்றால் காய்ந்த இலை, மரத்தூள், கிழித்த அட்டை இரண்டு மூன்று வாளி. கார்பன்–நைட்ரஜன் விகிதம் 25 முதல் 30-க்கு 1 என்ற அளவில் நிற்க இந்தக் கணக்கு போதும். ஈரம் 50–60 சதவீதம்: ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் விரலிடுக்கில் ஓரிரு துளி கசிய வேண்டும், ஒழுகக் கூடாது. குவியல் நீளம், அகலம், உயரம் மூன்றிலும் ஒரு மீட்டருக்குக் குறைந்தால் சூடு நிற்காது. உள்ளே 55 டிகிரி செல்சியஸ் தாண்டினால்தான் நோய்க்கிருமிகளும் களை விதைகளும் சாகும். மூடிய கலனில் அந்தச் சூடு தொடர்ந்து 3 நாள் வேண்டும். திறந்த வரிசைக் குவியலில் 15 நாள் நிலைக்க வேண்டும், அதற்குள் 5 முறையாவது கிளற வேண்டும். 70-ஐத் தொட்டால் நல்ல நுண்ணுயிர்களும் மடியும்; உடனே கிளறிவிடுங்கள். நீளக் கம்பி வெப்பமானியால் தினமும் மூன்று இடங்களில் பார்த்து நோட்டில் எழுத வேண்டும். இந்த நோட்டு பின்னால் வேறு ஒன்றுக்கும் பயன்படும்.

அழுகிய முட்டை நாற்றம் வந்தால் காற்றுப் போதவில்லை. மூக்கைக் குத்தும் அமோனியா வாடை வந்தால் ஈரக் கழிவு மிஞ்சிவிட்டது, மரத்தூள் சேர்க்க வேண்டும். சூடே ஏறவில்லை என்றால் காய்ந்திருக்கும் அல்லது குவியல் சிறியது. இறைச்சியையும் எண்ணெயையும் திறந்த குவியலில் போட்டால் எலி வரும். மண்புழுத் தொட்டி வைப்பவர்கள் கழிவை முதலில் மட்கவைத்து, சூடு தணிந்த பிறகே புழுவுக்குப் போட வேண்டும். தொட்டி 35 டிகிரியைத் தாண்டினால் புழுக்கள் சாகத் தொடங்கும்.

இதெல்லாம் எந்த உரக்குழிக்கும் பொருந்தும். சிறைக்கே உரிய தொல்லைகள் தனி. பழத்தோலும் சர்க்கரையும் கிடைத்தால் யாராவது சாராயம் ஊறப்போடுவார்கள். அதனால் வாளியைச் சமையற்கட்டு வாசலிலேயே மரத்தூளுடன் கலந்துவிட வேண்டும். கள்ளத்தனத்துக்கும் உதவாது, உரத்துக்கும் அதுதான் சரி. பிளாஸ்டிக் கரண்டியும் பொட்டலமும் குவியலுக்கு வந்த பிறகு பொறுக்குவது வீண் வேலை. தட்டு கழுவும் இடத்திலேயே பிரிக்க வேண்டும். மண் மூட்டைக்குள் செல்போன் வரும் என்று காவலர்கள் சந்தேகிப்பது நியாயமே. உள்ளே வருவதையும் வெளியே போவதையும் சல்லடையில் சலித்தால் பாதி வாக்குவாதம் குறையும். கருவிகளுக்கு எண் போட்டு, உருவக்கோடு வரைந்த பலகையில் மாட்டி, வேலைக்கு முன்னும் பின்னும் எண்ண வேண்டும். ஒரு களைக்கொத்தி குறைந்தால் சிறை முழுதும் நின்றுவிடும். எண்ணும் நேரமும் வேலை நேரமே. கூலிக் கணக்கில் அதைக் கழித்தால் கேளுங்கள். மதிலோரத்தில் உயரமாக வளரும் செடி வேண்டாம். காவல் கோபுரத்தின் பார்வையை மறைத்தால் ஒரே நாளில் வெட்டிவிடுவார்கள்.

பெரிய ஆபத்து முடக்கம். கலவரமோ தொற்றோ வந்து அறைகளை அடைத்துவிட்டால் ஒரு வாரம் யாரும் வெளியே வர முடியாது. உரக்குவியல் தாங்கும், மண்புழு தாங்கும், நாற்று ஓரளவு தாங்கும். தவளை, வண்ணத்துப்பூச்சி போன்ற உயிரினங்கள் தாங்காது. எனவே தண்ணீரும் தீனியும் வைக்கப் பயிற்சி பெற்ற காவலர் இருவரின் பெயர் எழுத்தில் இருக்கும்வரை விலங்கு வளர்ப்புத் திட்டத்தைத் தொடங்கக் கூடாது. பயிற்சி பெற்ற கைதியைப் பருவத்தின் நடுவில் இடமாற்றினாலும் இதே சேதம்தான். பருவம் முடியும்வரை இடமாற்றத்தைத் தள்ளிவைக்கக் கண்காணிப்பாளரிடம் முன்பே ஒப்புதல் வாங்கலாம்.

இவ்வளவு கட்டுப்பாட்டுக்குள்ளும் நுட்பமான வேலை நடக்கும் என்பதற்கு அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலம் உதாரணம். அங்கே மாநிலச் சிறைத் துறையும் எவர்கிரீன் ஸ்டேட் கல்லூரியும் சேர்ந்து 2000-களின் முற்பகுதியில் தொடங்கிய கூட்டுத் திட்டம் பாசி வளர்ப்பு ஆய்வில் ஆரம்பித்தது. சீடர் க்ரீக் சிறையில் 2009 முதல் ஒரிகன் புள்ளித் தவளையை முட்டையிலிருந்து வளர்த்தார்கள். அதற்குத் தீனியாகச் சிள்வண்டுகளையும் உள்ளேயே வளர்த்தார்கள். மிஷன் க்ரீக் பெண்கள் சிறையில் டெய்லர்ஸ் செக்கர்ஸ்பாட் என்ற வண்ணத்துப்பூச்சியின் புழுக்களை வளர்த்தார்கள். அமெரிக்க அரசு 2013-இல் அழியும் நிலையிலுள்ள இனம் என்று அறிவித்த பூச்சி அது. புழுவுக்கு இலை மாற்றுவது, எண்ணுவது, எடை பார்ப்பது, பதிவது என்று நாள்தோறும் அதே கையின் கவனம் தேவை. வெளியே ஓர் ஆய்வகத்தால் வாங்க முடியாத அந்த நேரம் சிறையில் இருக்கிறது. அந்த நேரம் இலவசம் என்று நிர்வாகம் நினைக்கத் தொடங்குவதுதான் இதிலுள்ள கேடு.

கலிஃபோர்னியாவின் தீயணைப்பு முகாம்கள் வேறொரு பாடம் தருகின்றன. சேர்வது விருப்பத்தின் பேரில். தீவைப்பு, பாலியல் குற்றம், தப்பியோடிய வரலாறு உள்ளவர்களுக்கு இடமில்லை. பல ஆண்டுகள் நெருப்போடு போராடியவர்கள் வெளியே வந்த பின் குற்றப் பதிவு காரணமாக அதே தொழிலுக்கான உரிமம் பெற முடியாமல் நின்றார்கள். 2020-இல் வந்த ஏ.பி. 2147 என்ற சட்டம் இதில் ஒரு வழி திறந்தது: முகாமில் ஒழுங்காகப் பணியாற்றியவர் தண்டனைத் தீர்ப்பை நீக்கக் கோரி நீதிமன்றத்தில் மனுச் செய்யலாம். கொலை போன்ற கடுங்குற்றங்களுக்கு அது பொருந்தாது. எந்த நாட்டிலும் ஒரு வேலையைக் கற்றுக்கொள்ளும் முன், அந்த வேலைக்கு உரிமம் தேவையா, தண்டனை பெற்றவருக்கு அது கிடைக்குமா என்று விசாரித்துவிடுங்கள்.

விடுதலைக்கு இரண்டு மூன்று மாதம் முன்பே கேட்டு வாங்க வேண்டியவை இவை: பயிற்சி தந்த கல்லூரி அல்லது துறையின் பெயரில் சான்றிதழ் (சிறையின் முத்திரை மட்டும் இருந்தால் வேலை தருபவர் தயங்குவார்), மொத்தப் பயிற்சி மணி நேரம், கூலி மற்றும் சேமிப்புக் கணக்கின் அறிக்கை, வெப்பநிலை நோட்டு போன்ற உங்கள் கையெழுத்துள்ள பதிவுகளின் நகல். தர மறுத்தால் கண்காணிப்பாளரிடம் மனுக் கொடுங்கள். நாள்தோறும் மனுக் கொடுக்க வாய்ப்பு இருக்க வேண்டும் என்பது விதி 56. மனுவின் நகலில் பெற்றுக்கொண்ட தேதியைக் குறித்துக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.