சலவைத் தூள் வாங்கும் முன் தண்ணீரைப் பாருங்கள்

உப்புத் தண்ணீர் வரும் வீட்டில் துணிக்குச் சோப்பு போட்டால் முதலில் நுரை வராது. தண்ணீர் திரிந்த பால் போலாகி, வாளி ஓரத்தில் சாம்பல் நிறப் பிசுக்கு ஒட்டும். துணியின் அழுக்குதான் வருகிறது என்று நினைத்து இன்னும் கொஞ்சம் சோப்பைத் தேய்ப்போம். உண்மையில் அந்தப் பிசுக்கில் பெரும்பங்கு நாம் காசு கொடுத்து வாங்கிய சோப்பு. தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியமும் மக்னீசியமும் சோப்பைப் பிடித்து, கரையாத பொருளாக மாற்றிவிடுகின்றன.

இதைக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். குடிநீருக்கான இந்தியத் தரநிலை, கடினத்தன்மை, அதாவது இந்தக் கால்சியம், மக்னீசியத்தின் அளவு, லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்கிறது. வேறு நீர் கிடைக்காத இடத்தில் 600 வரை அனுமதிக்கிறது. இடைப்பட்ட 500 மில்லிகிராம் உள்ள ஆழ்துளைக் கிணற்று நீரை 20 லிட்டர் வாளியில் பிடித்தால், அதில் 10 கிராம் சுண்ணாம்புக்கு ஈடான கடினத்தன்மை இருக்கும். ஒரு கால்சியம் அயனி இரண்டு சோப்பு மூலக்கூறுகளைப் பிடித்துக்கொள்ளும். ஆகவே அந்த வாளியில் நுரை எழுவதற்கு முன்பே சுமார் 60 கிராம் சோப்பு வீணாகிவிடும். துணி இன்னும் நனையவே இல்லை.

எந்தச் சலவைத் தூள் சுற்றுச்சூழலுக்குக் கெடுதல் செய்யாது என்ற கேள்விக்குப் பொட்டலத்தின் மேலுள்ள பச்சை இலைப் படம் பதில் சொல்லாது. வீட்டுக்குள் வரும் தண்ணீர் எப்படிப்பட்டது, துவைத்த தண்ணீர் எங்கே போய்ச் சேருகிறது என்ற இரண்டும் தெரிந்த பிறகுதான் எந்தத் தூள் என்று யோசிக்க முடியும்.

கடினத்தன்மையை வீட்டிலேயே ஓரளவு பார்க்கலாம். ஒரே மாதிரியான இரண்டு கண்ணாடி பாட்டில்களை எடுத்து, ஒன்றில் மழைநீரோ ஏசியிலிருந்து சொட்டும் நீரோ அரைப் பங்கு ஊற்றுங்கள். மற்றதில் அதே அளவு குழாய் நீர். பழைய பார் சோப்பிலிருந்து சீவிய ஒரே அளவு துருவலை இரண்டிலும் போட்டுக் குலுக்குங்கள். மழைநீரில் நுரை கெட்டியாக நிற்கும். குழாய் நீர் கலங்கி நுரை அடங்கிவிட்டால் அது கடின நீர். சோதனைக்கு எண்ணெயிலிருந்து செய்த சோப்புதான் வேண்டும். டிடர்ஜென்ட் கட்டியில் வித்தியாசம் இவ்வளவு தெளிவாகத் தெரியாது. டிடிஎஸ் மீட்டர் மொத்த உப்பைக் காட்டுமே தவிர, அதில் சுண்ணாம்பு எவ்வளவு என்று பிரித்துச் சொல்லாது. துல்லியமான எண் வேண்டுமானால் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுத்துப் பார்ப்பதே நல்லது.

இங்கே ஒரு எச்சரிக்கை. ஆர்.ஓ. இயந்திரம் வெளியேற்றும் நீரை வீணாக்கக் கூடாதென்று பலர் அதில் துணி துவைக்கிறார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் உள்ளே போன நீரில் பாதி குடிநீராகப் பிரிந்தால், மீதிப் பாதியில் கடினத்தன்மை கிட்டத்தட்ட இரட்டிப்பாகியிருக்கும். தூளும் அதற்கேற்பக் கூடுதலாகச் செலவாகும். அந்த நீர் தரை துடைக்கவும் கழிப்பறைக்கும் ஏற்றது.

பொட்டலத்துக்குள் இருப்பவை

சலவைத் தூளில் அழுக்கெடுக்கும் மூலக்கூறுக்கு சர்ஃபாக்டன்ட் என்று பெயர். அதன் ஒரு முனை தண்ணீரோடு சேரும், நீண்ட வால் எண்ணெயோடு சேரும். வால்கள் துணியிலுள்ள எண்ணெய்ப் பசையில் குத்தி நிற்க, தலைகள் தண்ணீரை நோக்கி நிற்க, எண்ணெய் சிறு சிறு உருண்டைகளாகப் பிரிந்து மிதக்கும். அலசும்போது தண்ணீரோடு போய்விடும். நுரைக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு இல்லை. முன்பக்கக் கதவு கொண்ட இயந்திரத்தில் நுரை அதிகமானால் துணி மெத்தையில் விழுவதுபோல் விழுந்து, அடிபடாமல் அழுக்கோடு வெளியே வரும்.

1950களில் பரவலாக வந்த செயற்கைத் தூள்களின் சர்ஃபாக்டன்ட்டுக்கு வால் கிளை கிளையாக இருந்தது. பாக்டீரியாக்களால் அந்தக் கிளைகளைத் தாண்டிக் கடித்துக்கொண்டே போக முடியவில்லை. ஐரோப்பிய, அமெரிக்க ஆறுகளில் நுரை மலையாகக் குவிந்தது. ஜெர்மனி 1961இல் இதற்கென்றே சட்டம் இயற்றியது. அமெரிக்க நிறுவனங்கள் 1965இல் நேரான வால் கொண்ட வகைக்கு மாறின. இன்று பெரும்பாலான தூள்களில் இருப்பது அந்த நேர்வால் வகைதான். பெயர் லீனியர் அல்கைல் பென்சீன் சல்ஃபோனேட். சோப்புத் தூள் தயாரிக்கும் சிறு தொழிற்கூடங்களில் ‘ஆசிட் ஸ்லரி’ என்று கேன்களில் வாங்குவது இதன் அமில வடிவம்.

நேர்வால் வகை மட்கும். ஆனால் அதற்கு ஆக்சிஜன் வேண்டும். காற்றோட்டமுள்ள மண்ணிலும், காற்று ஊதும் சுத்திகரிப்பு நிலையத்திலும் அது நன்றாகச் சிதையும். செப்டிக் டேங்க்கில் காற்று இல்லை; அங்கே அது அப்படியே கிடக்கும். சுத்திகரிக்காத சாக்கடை ஏரியில் கலக்கும் ஊர்களில் மதகருகே நுரை பொங்குவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். எனவே பொட்டலத்தில் ‘மட்கக்கூடியது’ என்ற ஒற்றைச் சொல்லைப் பார்த்து நிம்மதி அடைய வேண்டாம். எவ்வளவு நாளில், எந்த நிலையில் மட்கும் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். ஐரோப்பிய விதிப்படி, காற்றுள்ள சூழலில் 28 நாட்களில் குறைந்தது 60 சதவீதம் முழுமையாகச் சிதைய வேண்டும். இந்த வகைச் சோதனையைக் குறிப்பிடும் நிறுவனத்தை நம்பலாம். உங்கள் துணி துவைத்த நீர் செப்டிக் டேங்க்குக்குத்தான் போகிறது என்றால், பட்டியலில் சோடியம் லாரில் சல்ஃபேட், டெசில் குளுக்கோசைடு, லாரில் குளுக்கோசைடு போன்ற பெயர்களைத் தேடுங்கள். இவை காற்றில்லாத இடத்திலும் சிதைபவை.

அடுத்தது பாஸ்பேட். கால்சியத்தைக் கட்டிப்போட்டு சர்ஃபாக்டன்ட்டைக் காப்பாற்றுவதில் சோடியம் டிரைபாலிபாஸ்பேட்டுக்கு நிகர் குறைவு. சிக்கல் அது நீர்நிலைக்குப் போன பிறகு தொடங்குகிறது. கனடாவின் ஒன்டாரியோவில், 226ஆம் எண் ஏரியை 1973இல் நீர்நிலை ஆய்வாளர் டேவிட் ஷிண்ட்லர் குழுவினர் திரை போட்டு இரண்டாகப் பிரித்தார்கள். இரு பக்கமும் கார்பனும் நைட்ரஜனும் இட்டார்கள். ஒரு பக்கத்தில் மட்டும் பாஸ்பரஸையும் சேர்த்தார்கள். அந்தப் பக்கம் மட்டும் பாசி பிடித்துப் பச்சையானது. வானிலிருந்து எடுத்த அந்த ஒரு படம், சலவைத் தூளில் பாஸ்பேட் இருக்கலாமா என்ற வாதத்தையே திருப்பியது. ஒரு கிராம் பாஸ்பரஸ் சுமார் 100 கிராம் உலர் பாசி வளரப் போதும். 10 கிராம் டிரைபாலிபாஸ்பேட்டில் இரண்டரை கிராம் பாஸ்பரஸ் இருக்கிறது. பாசி செத்து அழுகும்போது நீரின் ஆக்சிஜன் தீர்ந்து மீன்கள் மிதக்கின்றன. ஆகவே ‘பாஸ்பேட் இல்லை’ என்ற வரி பொட்டலத்தில் இருக்க வேண்டும். பாஸ்பேட் போன இடத்தை சலவை சோடா, சியோலைட், சிட்ரேட் ஆகியவை பிடித்துக்கொண்டன. விலை குறைந்த தூள்களில் பெரும்பாலும் சோடாதான் இருக்கும். கூடவே எடைக்காகச் சேர்க்கும் சோடியம் சல்ஃபேட்டும்.

‘வெண்மைக்கும் வெண்மை’ தரும் பொருள் ஒன்றும் உண்டு. ஒளியூட்டி என்று சொல்லலாம். அது அழுக்கை எடுப்பதில்லை. துணியில் ஒட்டிக்கொண்டு, கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை நீல ஒளியாக மாற்றித் தருகிறது, மஞ்சள் மறைகிறது. மெதுவாகத்தான் சிதையும், துவைக்கத் துவைக்க நீரில் போய்க்கொண்டே இருக்கும். ரூபாய் நோட்டைச் சோதிக்கும் புற ஊதா விளக்கை இருட்டில் தூளின் மேல் காட்டினால், ஒளியூட்டி இருக்கும் தூள் நீலமாக ஒளிரும். ஒளியூட்டி இல்லாத தூளைத் தேர்ந்தெடுப்பதால் துணியின் சுத்தம் குறையாது.

சோடாவின் நன்மையும் மண்ணின் பாடும்

கடின நீர் உள்ள வீட்டில் தூளைக் குறைக்க எளிய வழி, தண்ணீரை முதலில் மென்மையாக்குவது. சலவை சோடா கால்சியத்தை வெள்ளைப் பொடியாக அடியில் தள்ளிவிடும். 500 மில்லிகிராம் கடினத்தன்மையுள்ள 20 லிட்டருக்குக் கணக்குப்படி 10 முதல் 11 கிராம் மாவுச் சோடா போதும். கண்ணாடிக் கற்கள் போன்ற படிகச் சோடாவில் பாதிக்கு மேல் தண்ணீர்தான் இருக்கிறது. அதுவானால் 28 கிராம். சமையலறையில் இருக்கும் ஆப்ப சோடா இந்த வேலையைச் செய்யாது. சோடாவைத் தனியாக ஒரு குவளை நீரில் கரைத்து வாளியில் ஊற்றிக் கலக்கி, இரவு முழுக்க விட்டுவிட்டுக் காலையில் மேலே தெளிந்த நீரை மட்டும் எடுத்துத் துவையுங்கள். மக்னீசியம் முழுக்க இறங்காது, ஆனால் கால்சியத்தில் பெரும்பகுதி இறங்கிவிடும். சோடாவையும் துணியையும் ஒன்றாகப் போட்டால் அந்த வெள்ளைப் பொடி நூலிழைகளுக்குள்ளேயே படியும். நாளடைவில் துணி சொரசொரப்பாகி, வெள்ளை மங்கிச் சாம்பலாவது அதனால்தான். பட்டுக்கும் கம்பளிக்கும் சோடா ஆகாது.

நம் ஊர் வண்ணார்கள் இந்த வேதியியலைக் கையால் அறிந்தவர்கள். உவர்மண்ணில் இயற்கையாகவே சோடியம் கார்பனேட், அதாவது சலவை சோடா, உண்டு. உவர்மண் கரைசலில் நனைத்த துணியை வெள்ளாவி வைக்கும்போது, காரமும் நீராவியும் சேர்ந்து துணியிலுள்ள உடம்பு எண்ணெயைத் துணியிலேயே சோப்பாக மாற்றிவிடுகின்றன. அழுக்கே தன்னைக் கழுவும் பொருளாகிறது. அதைக் கண்டறிந்த கைகளை நன்றியோடு நினைக்க வேண்டும்.

ஆனால் துவைத்த நீர் வாழைக்கும் தென்னைக்கும் போகிற வீட்டில் கணக்கு மாறுகிறது. மேலே சொன்ன 10.6 கிராம் சோடாவில் 4.6 கிராம் சோடியம் இருக்கிறது. ஒரு லிட்டருக்கு 230 மில்லிகிராம். சோடியம் களிமண் துகள்களை ஒன்றோடொன்று ஒட்டவிடாமல் பிரிக்கும். பிரிந்த துகள்கள் மண்ணின் துளைகளை அடைத்து, மேல்மண் இறுகி, தண்ணீர் உள்ளே இறங்காமல் தேங்கும். கரிசல் மண்ணில் இது சீக்கிரம் தெரியும், மணற்பாங்கான மண் கொஞ்சம் தாங்கும். இந்த வீடுகளுக்குத் தூளைவிடத் திரவ டிடர்ஜென்ட் நல்லது. அதில் எடைக்குச் சேர்க்கும் சோடியம் சல்ஃபேட் பொதுவாக இருக்காது, சோடாவும் குறைவு. தொட்டியில் சேர்த்த மழைநீர் இருந்தால் அதில் துவையுங்கள், சோடாவே வேண்டாம். முதல் துவைப்பு நீரை உறிஞ்சுகுழிக்கு விட்டு, அலசிய நீரை மட்டும் செடிக்குப் பாய்ச்சுங்கள். கீரைக்கும் பச்சையாகச் சாப்பிடும் காய்களுக்கும் அதுவும் வேண்டாம். போரான் உள்ள வெங்காரம் (போராக்ஸ்) கலந்த எதையும் தோட்ட நீரில் சேர்க்காதீர்கள். செடிக்குத் தேவையான போரானுக்கும் அதைக் கொல்லும் போரானுக்கும் இடைவெளி மிகக் குறைவு.

பூந்திக்கொட்டை

இயற்கை என்றதும் பலருக்கும் முதலில் தோன்றுவது இதுதான். இதிலுள்ள சபோனின் என்ற நுரைக்கும் பொருள் கால்சியத்தோடு சேர்ந்து திரியாது, ஆகவே கடின நீரிலும் நுரைக்கும். விதை நீக்கிய 10, 12 கொட்டைகளை இரவு ஊறவைத்து, ஒரு லிட்டர் நீரில் கால் மணி நேரம் கொதிக்கவிட்டுப் பிசைந்து வடிகட்டினால் ஒரு வாளித் துணிக்கு வரும். மூன்று நாளுக்கு மேல் வைத்தால் புளித்துவிடும். பட்டுப்புடவைக்கும் கம்பளிக்கும் நகைக்கும் இதைவிட மென்மையானது கிடைப்பது அரிது.

சட்டைக் காலர் அழுக்குக்கும் எண்ணெய்க் கறைக்கும் இது போதாது. காரமும் இல்லை, கறையை வெட்டும் நொதியும் (என்சைம்) இல்லை. தொடர்ந்து இதிலேயே துவைத்தால் வெள்ளைத் துணி பழுப்பேறும். இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும்: சபோனின் மீனின் செவுள்களைத் தாக்கும். மீனுள்ள குளத்திலோ கிணற்றிலோ இந்த நீரைக் கலக்கவே கூடாது. மண்ணில் விட்டால் மட்கிவிடும்.

சோப்பைத் துருவி, சோடாவும் வெங்காரமும் கலந்து வீட்டில் செய்யும் தூள் கடின நீரில் மீண்டும் அதே பிசுக்கைத்தான் தரும். ஆப்ப சோடாவோடு வினிகரைக் கலப்பது ஒன்றை ஒன்று தீர்த்துவிடும். நுரைத்து அடங்கியபின் மிஞ்சுவது வலுவற்ற ஓர் உப்புக் கரைசல்.

குறைவான தூளில் கறை போக வேண்டுமென்றால் நொதி உள்ளதை வாங்குவதே என் பரிந்துரை. புரோட்டியேஸ் இரத்தம், பால், வியர்வைக் கறைகளை வெட்டும். லிப்பேஸ் எண்ணெயை, அமைலேஸ் சாம்பாரின் மாவுச்சத்தை வெட்டும். இவை முழுக்க மட்குபவை. 30 முதல் 40 டிகிரியில் நன்றாக வேலை செய்யும் வகையாகப் பார்த்து வாங்கினால் நம் குழாய் நீரின் வெப்பமே போதுமானது. 40 நிமிடம் ஊறவைத்தால் சரி. 15 லிட்டர் நீரை 28இலிருந்து 60 டிகிரிக்கு ஏற்ற அரை யூனிட்டுக்கு மேல் மின்சாரம் ஆகும், அது மிச்சம். கொதிநீரும் பிளீச்சிங் பவுடரும் நொதியைக் கொன்றுவிடும். பட்டும் கம்பளியும் புரதம் என்பதால் புரோட்டியேஸ் அவற்றையும் தின்னும்.

துணியை மிருதுவாக்கும் திரவம் தேவையில்லை. அது இழையின் மேல் ஒரு மெழுகுப் பூச்சாக ஒட்டி, துண்டு ஈரத்தை உறிஞ்சாமல் செய்துவிடும். கடைசி அலசலில் 10 லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம்) போட்டால் படிந்த சுண்ணாம்பு கரைந்து துணி மிருதுவாகும். பிளீச் போட்ட நீரில் மட்டும் இதைச் சேர்க்காதீர்கள்; குளோரின் வாயு கிளம்பும்.

அளவைச் சரிபார்க்க, துவைத்துக் காய்ந்த ஒரு துண்டை மழைநீரோ வேறு மென்னீரோ நிரம்பிய வாளியில் போட்டுக் கையால் கலக்குங்கள். நுரை வந்தால் தூள் மிஞ்சியிருக்கிறது என்று பொருள். அடுத்த முறை அளவை நான்கில் ஒரு பங்கு குறைத்து, மீண்டும் அதே துண்டைப் பாருங்கள். நுரை வராமல் போகும் வரை குறைத்துக்கொண்டே போகலாம். காலரில் அழுக்கு தங்கத் தொடங்கினால் ஒரு படி ஏற்றுங்கள். கிடைத்த அளவைக் கரண்டியில் கோடு போட்டு வைத்துவிட்டால், வீட்டில் யார் துவைத்தாலும் அதே அளவுதான் விழும்.