சர்ரியலிசம்: மிகையா, மீயா?

ஊரடங்கு நாளில் வெறிச்சோடிக் கிடந்த சாலையைப் பார்த்தவர்கள் "ஒரே சர்ரியலா இருந்துச்சு" என்றார்கள். இப்போது கொஞ்சம் விசித்திரமாக எது நடந்தாலும் அந்தச் சொல் வந்துவிடுகிறது. பேச்சில் அது இருந்துவிட்டுப் போகட்டும். அதன் மூலமான சர்ரியலிசம் என்ற கலை இயக்கத்தைப் பற்றித் தமிழில் எழுதும்போது பலர் 'மிகை யதார்த்தம்' என்று போடுகிறார்கள் பாருங்கள், அதுதான் எனக்கு ஒட்டவே மாட்டேன் என்கிறது. ஏன் என்று சொல்ல, பாரிஸிலிருந்து இங்கிலாந்தின் கோதுமை வயல் வரை போய் வர வேண்டும்.

இந்தச் சொல்லை உண்டாக்கியவர் பிரெஞ்சுக் கவிஞர் கியோம் அப்போலினேர். ஆண்டு 1917. 'சுர்' என்றால் பிரெஞ்சில் 'மேல்', 'மேலே'. 'ரெயலிஸ்ம்' என்பது யதார்த்தவாதம். இரண்டையும் ஒட்டி 'சுர்ரெயலிஸ்ம்' என்றார். அந்த ஆண்டு மே மாதம் அரங்கேறிய 'பராட்' என்ற பாலே நடனத்துக்கு அவர் எழுதிய குறிப்பில் இது வருகிறது. அடுத்த மாதம் மேடையேறிய தன் நாடகத்துக்கும் 'சுர்ரெயலிஸ்ட் நாடகம்' என்றே அடைமொழி கொடுத்தார்.

அந்த நாடகத்தின் முன்னுரையில் அவர் சொன்ன விளக்கத்தை விடத் தெளிவானது எதையும் நான் பார்த்ததில்லை. மனிதன் நடையைப் போலச் செய்ய நினைத்தான், சக்கரத்தைப் படைத்தான், சக்கரம் காலைப் போல இல்லை. தன்னையறியாமல் மனிதன் செய்த சர்ரியலிசம் அது என்கிறார். இதில் எங்காவது மிகை இருக்கிறதா? காலைப் பெரிதாக்கினால் பூதத்தின் கால் கிடைக்கும், சக்கரம் கிடைக்காது.

அப்போலினேர் 1918 நவம்பரில் இறந்துபோனார். 1924-இல் இன்னொரு பிரெஞ்சுக் கவிஞரான ஆந்த்ரே பிரெத்தோன், தன் சர்ரியலிச அறிக்கையில் சொல்லை எடுத்துக்கொண்டு பொருளைக் கொஞ்சம் திருப்பினார். அறிவின் காவல் இல்லாமல் மனம் தானாக ஓடும் ஓட்டத்தைப் பதிவு செய்வதே சர்ரியலிசம் என்றார். கனவு, தற்செயல், கை போன போக்கில் எழுதுவது எல்லாம் அப்படித்தான் உள்ளே வந்தன.

சரி, கைப்பக்குவத்துக்கு வருவோம். 1925 ஆகஸ்ட் 10. பிரான்ஸின் கடற்கரையில் ஒரு விடுதி, மழை. ஓவியர் மாக்ஸ் எர்ன்ஸ்ட் தரைப் பலகைகளையே பார்த்துக்கொண்டிருக்கிறார். தேய்த்துத் தேய்த்துக் கழுவியதில் மரத்தின் ரேகைகள் மேலெழுந்து நிற்கின்றன. தாளை அதன்மேல் போட்டுப் பென்சில் கரியால் தேய்க்கிறார். ரேகை தாளில் ஏறுகிறது. உற்றுப் பார்த்தால் காடு, பறவை, கடல். வரைந்தது பாதி பலகை, மீதி அவர் கண். அந்த உத்திக்குப் பெயரே 'தேய்ப்பு'தான், பிரெஞ்சில் 'ஃப்ரோத்தாஜ்'.

இன்னொரு பலகை இங்கிலாந்தில் இருக்கிறது. சவுத்தாம்ப்டன்காரர்களான டக் பவர், டேவ் சோர்லி இருவரும் நீர்வண்ண ஓவியத்தில் ஈடுபாடு உள்ளவர்கள். 1970-களின் பிற்பாதியில் ஒரு கோடை இரவில், பயிரைப் படுக்கவைத்து வட்டம் போட வயலுக்குள் இறங்கினார்கள். 'பயிர் வட்டம்' என்கிறார்களே, அதுதான். பவரின் படச்சட்டக் கடையில் கதவுக்குப் போடும் இரும்புக் கம்பியைத்தான் முதலில் பயன்படுத்தினார்கள். பிறகு பலகை. அதன் இரு முனையிலும் கயிறு கட்டிக் கையில் பிடித்துக்கொண்டு, காலால் பலகையை மிதித்து மிதித்து நகர வேண்டும். பச்சைத் தண்டு ஒடியாது, அடியில் மடிந்து படுத்துக்கொள்ளும். கோடு நேராக வர, தொப்பி விளிம்பில் ஒரு கம்பி வளையம் தொங்கவிட்டு, அதன் வழியே தூரத்தில் ஏதாவது ஒன்றைக் குறிபார்த்து நடந்தார்கள்.

ஆரம்பத்தில் யாரும் கவனிக்கவே இல்லை. சமவெளி வயலில் போட்டால் பக்கத்தில் நிற்பவனுக்குக் கூடத் தெரியாது. அப்புறம்தான் வின்செஸ்டர் அருகே, மேலே போகும் சாலையிலிருந்து கீழே கிண்ணம் போலத் தெரியும் சீஸ்ஃபுட் ஹெட் சரிவைத் தேர்ந்தெடுத்தார்கள். செய்தி பரவியது. சுழல்காற்று என்றார்கள், வேற்றுக்கிரகவாசிகள் என்றார்கள். 1991 செப்டம்பரில் இருவரும் ஒரு செய்தித்தாளில் உண்மையைச் சொன்னபோது, செய்தித்தாளுக்காக அவர்கள் போட்டுக் காட்டிய வட்டத்தையே ஆய்வாளர் ஒருவர் மனிதனால் ஆகாதது என்று சான்று கொடுத்திருந்தார்.

இரண்டு பலகைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். சர்ரியலிஸ்டுகளுக்கு ஒரு விளையாட்டு உண்டு: தாளை மடித்து, முன்னவர் வரைந்தது தெரியாமல் அடுத்தவர் உடலையும் அதற்கடுத்தவர் காலையும் வரைவார்கள். பிரித்த பிறகுதான் முழு உரு தெரியும். இரவு வயலில் இருப்பவர்களுக்கும் அதே நிலைதான். இடுப்பளவு பயிர், இருட்டு, காலடியில் மடிந்த தண்டு. என்ன வந்திருக்கிறது என்று அவர்களே விடிந்த பிறகு மேலேறிப் பார்க்க வேண்டும்.

வேறுபாட்டையும் சொல்லிவிட வேண்டும். வில்ட்ஷயரின் மில்க் ஹில்லில் 2001-இல் வந்த உருவில் 409 வட்டங்கள். மனம் போன போக்கில் அது வராது; அளவு நாடாவும் முன்கூட்டி வரைந்த திட்டமும் இல்லாமல் முடியாது. ஆகவே பயிரில் வரைபவர்களைச் சர்ரியலிஸ்டுகள் என்று நான் சொல்லமாட்டேன். அந்த அனுபவம் நேருவது பார்ப்பவரிடம். நேற்றிருந்த அதே கோதுமை, அதே வயல். ஒரு தண்டு கூடவில்லை, குறையவில்லை. படுத்திருக்கிறது, அவ்வளவுதான். மேலிருந்து பார்த்தால் வேறொன்றாகிவிட்டது.

இங்கேதான் தமிழ்ச் சொல்லுக்கு வருகிறேன். 'மிகை' என்றால் அளவுக்கு மேல் போவது. மிகைப்படுத்திச் சொல்கிறான் என்றால் பொய் கலந்திருக்கிறது என்று அர்த்தம். பிரெஞ்சின் 'சுர்' அது அல்ல. அதற்கு நேரான சொல் நம்மிடம் உண்டு: 'மீ'. பள்ளி இலக்கணத்தில் ஒருபொருட் பன்மொழிக்கு 'மீமிசை ஞாயிறு' என்று எடுத்துக்காட்டுவார்களே, அதில் 'மீ', 'மிசை' இரண்டுமே 'மேல்'தான். 'மீப்பெரு பொது வகுத்தி'யில் 'மீ' என்றால் 'மிக' தானே என்று கேட்கலாம். அங்கே அப்படித்தான். ஆனால் 'மீயொலி'யைப் பாருங்கள். அது அதிகச் சத்தம் இல்லை, காது எட்டும் எல்லைக்கு மேலே இருக்கும் ஒலி. சர்ரியலிசத்தில் வேண்டியதும் அந்த 'மீ'தான்.

'மீயதார்த்தம்' என்று சிலர் எழுதுகிறார்கள், தப்பில்லை. எனக்கு 'மீமெய்ம்மை' இன்னும் பிடிக்கும். மெய் என்பது உண்மையும் ஆகும், உடலும் ஆகும். கையைத் தானாக ஓடவிட்ட கலைக்கு அந்த இரட்டைப் பொருள் நன்றாகப் பொருந்துகிறது. சர்ரியலிசத்துக்கு 'அடிமன வெளிப்பாட்டியம்' என்றும் ஒரு சொல் உண்டு; அது பிரெத்தோனின் பாதியை மட்டும் சொல்கிறது, அப்போலினேரின் சக்கரத்துக்கு அதில் இடமில்லை. 'மாய யதார்த்தம்' வேறொரு இலக்கிய வகையின் பெயர், அதை இதோடு குழப்பவே கூடாது.

பயிரில் வருவதற்கு 'பயிர் வட்டம்' என்ற பெயர் நிலைத்துவிட்டது. 1990-க்குப் பிறகு வந்தவற்றில் பல வெறும் வட்டமாக இல்லை என்பதால் நான் 'பயிர்க்கோலம்' என்று எழுதுகிறேன். ஓவியத்தைப் பற்றி எழுதும்போது மீமெய்ம்மை ஓவியம், மீமெய்ம்மையாளர் என்று எழுதலாம். வெறிச்சோடிய சாலைக்கு 'கனவு மாதிரி இருந்தது' என்பதே போதும்.