தொழில்நுட்பம் ‘பயன்பாட்டு அறிவியல்’ ஆகுமா?

முட்டை வெள்ளைக்கரு கலந்த சுண்ணாம்புப் பூச்சுக்குப் பேர்போன செட்டிநாட்டு வீடுகளைப் பற்றி எழுதுகிற எல்லோரும் ஒரு வரியைத் தவறாமல் போட்டுவிடுகிறார்கள்: ‘முட்டைப் பூச்சு நம் முன்னோரின் அறிவியல்.’ டெக்னாலஜி என்றால் என்ன என்று விளக்கவருபவர்களோ ‘பயன்பாட்டு அறிவியல்’ என்று இரண்டு சொல்லில் முடித்துவிடுகிறார்கள். இரண்டிலும் இருப்பது ஒரே பிழை. அறிவியல் முதலில் வரும், தொழில்நுட்பம் அதன் பின்னால் வால் பிடித்து வரும் என்ற நினைப்பு அது.

முதலில் சொற்பிறப்பு. சயின்ஸ் என்பதன் வேர் லத்தீனில் ‘அறிதல்’. அறிவு + இயல் = அறிவியல், கச்சிதமான ஆக்கம். விஞ்ஞானம் வடசொல் வழி வந்தது. இலங்கையில் இன்றும் அதுவே பெருவழக்கு. டெக்னாலஜியில் உள்ள ‘டெக்னே’ கிரேக்கத்தில் கைத்திறனைக் குறிக்கும். 1777இல் ஜெர்மனியில் யோஹான் பெக்மான் இந்தச் சொல்லைத் தலைப்பில் வைத்துக் கைத்தொழில்களைப் பற்றிப் பாடநூல் எழுதினார். நம் பக்கம், திண் என்பதிலிருந்து திட்பம், ஒண் என்பதிலிருந்து ஒட்பம் வந்ததுபோல நுண் என்பதிலிருந்து நுட்பம். ‘மதிநுட்பம் நூலோடு உடையார்க்கு’ என்கிறது குறள். நுட்பம் ஒன்று, நூலறிவு இன்னொன்று. இரண்டையும் ‘ஓடு’ போட்டுத்தான் சேர்க்க வேண்டியிருக்கிறது. ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் என்றால் அந்த ‘ஓடு’க்கு அங்கே வேலையே இல்லை.

இனி ‘பயன்பாட்டு அறிவியல்’. அப்ளைட் சயின்ஸ் என்பதற்கு அது நல்ல தமிழ்தான். அதைத் தொழில்நுட்பத்தின் தலையில் ஏற்றுவதில்தான் எனக்குத் தகராறு. பயன்படுத்த வேண்டுமென்றால் கையில் முன்பே ஒன்று இருக்க வேண்டும் அல்லவா? சுண்ணாம்புக்கு அப்படி என்ன அறிவியல் முன்பே இருந்தது?

சுண்ணாம்புக் கல்லையோ கிளிஞ்சலையோ சுமார் 900 டிகிரி செல்சியஸில் சுட்டால் 100 கிலோவுக்கு 56 கிலோதான் மிஞ்சும். மீதி 44 கிலோ கரியமில வாயுவாகப் போய்விடும். சுட்டதை நீரில் நீற்றி, சலித்து, ஊறவைக்க வேண்டும். நீறாத துணுக்குகள் சாந்தில் தங்கிவிட்டால் சுவரேறிய பிறகு ஈரம் பட்டு நீறிப் பருக்கும். பூச்சு அம்மைபோட்டதுபோல் பொரிந்து உதிரும். வெல்லமும் கடுக்காயும் ஊறிய நீரைச் சாந்தில் சேர்ப்பார்கள். வெல்லத்திலுள்ள சர்க்கரை, சுண்ணாம்பை நீரில் கூடுதலாகக் கரையவைக்கும். கடைசிப் பூச்சில் முட்டை வெள்ளைக்கருவைக் கலந்து, வழவழப்பான கல்லால் தேய்த்து மெருகேற்றுவார்கள். அதன்பிறகு சுவர் காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல மெல்ல வாங்கி மறுபடியும் கல்லாகும். சூளையில் போனதைச் சுவர் திரும்பப் பெற்றுக்கொள்கிறது.

இந்தக் கணக்கு உலகத்துக்கு எப்போது தெரிந்தது? சுண்ணாம்புக் கல்லிலிருந்து வெளியேறும் அந்த வாயுவை எடைபோட்டுக் காட்டி ஸ்காட்லாந்து வேதியியலாளர் ஜோசப் பிளாக் 1756இல் எழுதிய பிறகு. அதற்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் முன்பே உலகெங்கும் சூளை எரிந்துகொண்டிருந்தது. ‘இன்னும் பக்குவம் வரல’ என்று சாந்தைக் கரண்டியில் எடுத்துப் பார்த்துச் சொல்லும் கொத்தனாருக்குப் பிளாக்கின் தராசு தேவைப்படவில்லை. அவரிடம் இருப்பது அறிவு, ஐயமே இல்லை. ஆனால் அதை அறிவியல் என்று அழைத்தால் பெருமை கூடாது, குறையும். அறிவியல் என்ற பட்டம் கொடுத்தால்தான் கைத்தொழிலுக்கு மதிப்பு என்று ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும்.

பழங்காலத்துக்கு மட்டும் இது பொருந்தும் என்று சிலர் சொல்வார்கள். ஆத்தங்குடிக் கல்லை, அதாவது செட்டிநாட்டு ஆத்தங்குடியில் கையால் செய்யும் பூப்போட்ட தரைக்கல்லை எடுத்துக்கொள்வோம், அது சிமெண்ட் காலத்துச் சரக்கு. கண்ணாடித் துண்டின் மேல் உலோகச் சட்டம், அதற்குள் பூ அச்சு. வண்ணச் சிமெண்ட் குழம்பை அறை அறையாக ஊற்றி, அச்சைத் தூக்கிவிட்டு, மேலே மணலும் சிமெண்டும் கலந்த உலர் பொடியைத் தூவுவார்கள். அது வண்ணத்தின் மிகை ஈரத்தை உறிஞ்சும். பொடி குறைந்தால் நிறங்கள் ஒன்றில் ஒன்று ஓடும். பிறகு ஈரச் சாந்தை வைத்து அழுத்தி, இறுகிய பின் நீர்த்தொட்டியில் ஊறப்போட்டு, எடுத்துக் காயவைப்பார்கள். கண்ணாடி விலகும்போது அதன் வழவழப்பு கல்லின் முகத்தில் நிற்கும். கண்ணாடியில் ஒரு தூசி இருந்தால் கல்லிலும் ஒரு புள்ளி. ‘வெயிலில் சுட்ட கல்’ என்று எழுதுகிறார்களே, அதுவும் தவறு. சிமெண்ட் காய்ந்து இறுகுவதில்லை. நீரோடு வேதிவினை புரிந்து இறுகுகிறது. அதனால்தான் தொட்டியில் போடுகிறார்கள். சீக்கிரம் காயவிட்டால் வலுவில்லாமல் மேல்முகம் பொடியும்.

போர்ட்லாண்ட் சிமெண்டுக்கு ஜோசப் ஆஸ்ப்டின் காப்புரிமை வாங்கியது 1824. அது ஏன் இறுகுகிறது என்று ஹென்றி ல சாட்லியே தம் ஆய்வேட்டில் விளக்கியது 1887. இடையில் 63 ஆண்டுகள். அத்தனை காலமும் பாலமும் துறைமுகமும் கட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். நீராவிப் பொறியும் அப்படியே. நியூகோமன் 1712இல் ஓடவிட்டார். வெப்பம் எப்படி வேலையாகிறது என்ற பிரெஞ்சுப் பொறியாளர் கார்னோவின் கணக்கு 1824இல் வந்தது.

எதிர்த்திசையும் உண்டு, அதற்குச் சான்றும் இதே மண்ணில் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953இல் திறக்கப்பட்டது காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம். மின்சாரமும் வேதிவினையும் சேரும் இந்த மின்வேதியியலில் பாரடேயின் 1830களின் விதிகள்தாம் அடிப்படை. செப்பு உப்புக் கரைசலில் 1 ஆம்பியர் மின்னோட்டத்தை 1 மணி நேரம் செலுத்தினால் ஏறத்தாழ 1.19 கிராம் செம்பு படியும். செம்புப் பூச்சு ஏற்றவேண்டிய பொருளைத் தொட்டியில் இறக்கும் முன்பே காகிதத்தில் கணக்கு வந்துவிடுகிறது. இங்கே அறிவியல் முன்னே, தொழில்நுட்பம் பின்னே. ஆனாலும் மின்னோட்டத்தை அளவுமீறிக் கூட்டினால் பூச்சு கருகித் தூளாகும். அதைத் தொட்டியருகே நிற்பவர்தான் பார்த்துச் சரிசெய்ய வேண்டும்; விதி தெரிந்தால் மட்டும் போதாது. போவதும் வருவதுமான உறவு இது. ‘பயன்பாட்டு’ என்ற அடைமொழி இதில் ஒருவழிப் பாதையைத்தான் காட்டுகிறது.

சமுதாயத்தை எது மாற்றியது என்று கேட்கும்போதும் இந்தச் சொல்குழப்பம் இடறும். ‘அறிவியல் வளர்ச்சியால் வணிகம் பெருகியது’ என்று எழுதினால் ஒன்றும் விளங்காது. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தது, நீராவிக் கப்பல் ஓடியது, கீழ்ப்பர்மாவின் அரிசி ஐரோப்பாவுக்குப் போனது, அங்கே நிலத்தைத் திருத்திய விவசாயிக்கு நகரத்தார் எனப்படும் செட்டிநாட்டு வணிகர்கள் கடன் கொடுத்தார்கள், அந்தப் பணமும் பர்மாத் தேக்கும் இங்கே வளவுகளாக, அதாவது செட்டிநாட்டுப் பெருவீடுகளாக எழுந்தன. இந்தச் சங்கிலியில் கால்வாயும் கப்பலும் தொழில்நுட்பங்கள். அப்படிப் பெயர் சொல்லி எழுதினால்தான் எது எதை நகர்த்தியது என்று தெரியும்.

‘தொழில்நுட்பவியல்’ என்று இயல் சேர்ப்பவர்கள் தனிக் கூட்டம். கிரேக்கத்தில் இயலைக் குறிக்கும் ‘லோகியா’ இருக்கிறதே, அதை விடலாமா என்பது அவர்கள் வாதம். பெக்மான் காலத்துக்கு அது சரி. அவர் எழுதியது தொழில்களைப் பற்றிய பாடம். இன்றைக்கு அந்தச் சொல் பாடத்தைவிடப் பொருளையும் முறையையும்தான் குறிக்கிறது. பன்மையில் போட்டுப் பாருங்கள்: ‘புதிய தொழில்நுட்பவியல்கள்’. நாக்கு ஏற்குமா? பாடத்தைச் சொல்ல வேண்டிய இடத்தில் மட்டும் இயலைச் சேர்க்கலாம். டெக்னிக் என்பதற்கும் தொழில்நுட்பம் என்றே போடுவது அதைவிடக் கெடுதல். அதற்கு உத்தி, செய்முறை என்று இருக்கிறது. ஆளோடு வந்து ஆளோடு போகும் திறனுக்குக் கைப்பக்குவம் இருக்கிறது. அச்சைக் கலையாமல் தூக்குவது கைப்பக்குவம். பொடி தூவி ஈரம் இழுப்பது உத்தி. கண்ணாடி, சட்டம், தொட்டி எல்லாம் சேர்ந்த முழு ஏற்பாடு தொழில்நுட்பம். புணர்ச்சி விதிப்படி ‘தொழினுட்பம்’ என்று எழுதுவது இலக்கணச் சுத்தம்தான். ஆனாலும் இரு சொல்லும் கண்ணுக்குத் தெரிகிற ‘தொழில்நுட்பம்’ என்ற வடிவத்தையே நான் ஆதரிப்பேன்.

அப்புறம் அந்த ‘மற்றும்’. ‘அறிவியல் மற்றும் தொழில்நுட்பம்’ என்று பலகைதோறும் எழுதி வைத்திருக்கிறார்கள். ஆங்கிலத்தின் ‘அண்டு’ அங்கே தமிழ் வேட்டி கட்டி நிற்கிறது. அறிவியலும் தொழில்நுட்பமும் என்றால் இரண்டும் தனித்தனி என்பதை உம்மையே சொல்லிவிடும்.

வீட்டைச் சுற்றிக் காட்டுகிறவர்கள் பலகையில் இப்படி எழுதலாம்: ‘சுண்ணாம்புப் பூச்சுத் தொழில்நுட்பம். கொத்தனார்களின் கைப்பக்குவத்தில் மெருகேறியது.’ கீழே தனி வரியில்: ‘இது இறுகுவதன் வேதியியல்: சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கிக் கல்லாகிறது.’ இன்னொரு வரியும் சேர்த்தால் வீட்டுக்காரர்களுக்கு உதவும்: ‘விரிசலைச் சிமெண்டால் அடைக்காதீர்கள், சுவரின் ஈரம் வெளியேற வழியில்லாமல் பழைய பூச்சு கழன்றுவிடும்.’