யானையின் கால் ஏன் கோணிப்போனது?

வாசகர் ஒருவர் தன் ஓட்டத்தின் ஜிபிஎஸ் தடத்தை அனுப்பியிருக்கிறார். தெருத்தெருவாக ஓடி ஒரு யானையை வரைந்திருக்கிறார். தும்பிக்கை அருமை, முதுகும் பரவாயில்லை. முன்னங்கால் மட்டும் தள்ளாடுகிறது. "அந்தத் தெரு நூல் பிடித்தாற்போல் நேரானது. நானும் இடது ஓரமாக நேராகத்தான் ஓடினேன். கோடு எதிர்ச்சாரிக் கட்டடத்துக்குள் புகுந்து புகுந்து வந்திருக்கிறது. வாட்ச் பழுதா?" என்று கேட்கிறார்.

வாட்ச் மேல் தப்பில்லை. அந்தத் தெருவின் இரண்டு பக்கமும் உயரமான கட்டடங்கள் இருக்க வேண்டும், அதுவும் கண்ணாடி முகப்போடு.

அடிப்படையை வேகமாகப் பார்த்துவிடுவோம். ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றியபடி, தம் இடத்தையும் நேரத்தையும் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. வாட்ச் எதையும் மேலே அனுப்புவதில்லை, காது கொடுத்துக் கேட்பதோடு சரி. அலை வந்துசேர எடுத்த நேரத்தை ஒளியின் வேகத்தால் பெருக்கினால் தூரம். இப்படி நான்கு செயற்கைக்கோள்கள் வேண்டும்: மூன்று நம் இடத்துக்கு, நான்காவது வாட்சுக்குள் இருக்கும் சுமாரான கடிகாரத்தைத் திருத்த. நொடிக்கு ஒரு புள்ளி வைத்து, புள்ளிகளை இணைத்தால் யானை.

இனிதான் எனக்குப் பிடித்த இடம். நீங்கள் இடது பக்கக் கட்டடத்தை ஒட்டி ஓடுகிறீர்கள். இடது வானில் ஒரு செயற்கைக்கோள் இருக்கிறது. அதன் அலை நேராக உங்களிடம் வர முடியாது, கட்டடம் மறைக்கிறது. ஆனால் அதே அலை உங்கள் தலைக்கு மேலாகப் போய், வலது பக்கக் கண்ணாடியில் பட்டுத் திரும்பி வருகிறது. சுற்றிவந்ததில் 30 மீட்டர் கூடுதல் என்று வைத்துக்கொள்ளுங்கள். தாமதம் வெறும் 100 நானோநொடி. வாட்சுக்கு அது எதிரொலி என்று தெரியாது. 'இடது செயற்கைக்கோளிலிருந்து நான் இன்னும் 30 மீட்டர் தள்ளி இருக்கிறேன் போல' என்று கணக்குப் போட்டு, உங்களை வலது பக்கம் தள்ளுகிறது. எதிர்ச்சாரிக் கட்டடத்துக்குள் நீங்கள் நுழைந்தது இப்படித்தான். பத்தடி ஓடியதும் மறைப்பு விலகும், வேறொரு கண்ணாடி வரும், பிழையும் மாறும். அதனால்தான் கோடு ஒரே பக்கமாக விலகாமல் நெளிகிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். தெருவின் நீளவாக்கில் வானம் திறந்திருக்கிறது. ஆகவே எவ்வளவு தூரம் வந்தீர்கள் என்பதை வாட்ச் ஓரளவு சரியாகவே சொல்லும். எந்தப் பக்கம் என்பதில்தான் கோட்டை விடும்.

புதிய வாட்சுகளில் 'இரட்டை அலைவரிசை' என்று போட்டிருப்பது இதற்காகத்தான். எல்1 என்ற பழைய அலைவரிசையின் குறியீட்டில் ஒரு துடிப்பு காற்றில் ஏறக்குறைய 293 மீட்டர் நீளம். அதில் 30 மீட்டர் பிந்திய எதிரொலி அசலோடு ஒட்டிக்கொண்டு வரும், பிரிப்பது கடினம். எல்5 என்ற புதிய அலைவரிசையில் துடிப்பின் நீளம் பத்தில் ஒரு பங்கு, சுமார் 29 மீட்டர். அசலும் எதிரொலியும் தனித்தனியாகத் தெரியும். முதலில் வந்ததை எடுத்துக்கொண்டால் போதும். ஆனால் அசல் வரவே இல்லையென்றால்?

அப்போது எதிரொலியைத் துரத்துவதை விட்டுவிட்டு, நகரத்தின் முப்பரிமாண வரைபடத்தை எடுத்துக்கொள்ளலாம். 'இந்தச் செயற்கைக்கோள் பலமாகக் கேட்கிறது, அது மங்கலாகக் கேட்கிறது. அப்படியானால் நான் எந்தக் கட்டடத்தின் நிழலில் நிற்கிறேன்?' என்று கேட்பது. நிழல் பொருத்தம் என்று இதற்குப் பெயர். கேட்காத ஒலியிலிருந்து இடத்தைக் கண்டுபிடிப்பது! இப்படி ஒன்றுக்கு நிதி கேட்டுப் போனால், கட்டட நிழலை ஆராய்ந்து என்ன ஆகப்போகிறது என்று குழுவில் ஒருவராவது கேட்பார். கேட்கட்டும், கொடுத்தால் சரி. வானத்துக் கோள் எந்த வீட்டில் உட்கார்ந்திருக்கிறது என்று பார்க்கச் செலவழிக்கும் காசில் ஒரு பங்கு போதும். இந்தக் கோள்கள் நம்மைத் தவறான வீட்டில் உட்கார வைத்தாலும் காரணம் கேட்கலாம், திருத்தலாம்.

சரி, யானைக்கு வருவோம். குறுக்குவழி ஒன்று உண்டு. ஓட்டத்தைப் பதிவுசெய்யும் ஸ்ட்ராவா போன்ற செயலியில் பதிவைச் சற்று நிறுத்திவிட்டு, வேறிடத்துக்குப் போய்த் தொடர்ந்தால், இரண்டு புள்ளிகளையும் அதுவே நேர்கோட்டால் இணைத்துவிடும், நடுவில் கட்டடம் இருந்தாலும். 2024-இல் டொராண்டோக்காரர் ஒருவர் 121 ஓட்டங்களைக் கோத்து ஒரு குச்சி மனிதனை நடனமாட வைத்தபோது, இந்த வித்தையையும் பயன்படுத்தினார். சிலர் இதை ஏமாற்று என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை, காகிதத்தில் வரைபவரும் பென்சிலைத் தூக்கி வைப்பவர்தானே.

முழங்காலில் நிறுத்துங்கள், பாதத்தில் தொடருங்கள். ஆனால் தொடரும் இடம் அந்தக் கண்ணாடிக் கட்டடங்களின் காலடியாக இருக்க வேண்டாம். அந்த ஒரு புள்ளி எதிர்ச்சாரியில் விழுந்தால், கால் நேராக இருக்கும், யானை சாய்ந்து நிற்கும்.