வளரிளம் பருவம் எங்கே, விடலைப் பருவம் எங்கே?

‘அடலசென்ஸ்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு ‘விடலைப் பருவம்’ என்று எழுதுவது நாளிதழ்களின் இணைப்புகளிலும் நலவாழ்வுத் துண்டறிக்கைகளிலும் வழக்கமாகிவிட்டது. ‘விடலைப் பருவப் பெண்களுக்கு இரும்புச்சத்து மாத்திரை’ என்று அச்சிட்டிருந்த ஓர் அறிக்கையைப் பார்த்த பிறகு, இதை இனியும் பொறுத்துக்கொள்வதற்கில்லை.

மூலச்சொல் இலத்தீனில் ‘வளர்தல்’ என்னும் வினையிலிருந்து வந்தது. வளர்ந்துகொண்டிருப்பவரைக் குறிக்கும் வடிவம் ‘அடலசென்ட்’ ஆனது. அதே வினையின் இறந்தகால வடிவம், வளர்ந்து முடிந்தவர் என்ற பொருளில் ‘அடல்ட்’ ஆனது. உலக நலவாழ்வு அமைப்பு இப்பருவத்தை 10 முதல் 19 வயது வரை என வரையறுக்கிறது.

விடலைக்கும் இதற்கும் என்ன தொடர்பு? சங்க அகப்பாடல்களில் விடலை என்பவன் பாலை வழியே தலைவியை உடன் அழைத்துச் செல்லும் வீரமுள்ள தலைவன். மாத்திரை கொடுத்துத் தேற்ற வேண்டிய சிறுவன் அல்லன். ஆண்களின் பருவங்களை வயதோடு வகுத்துச் சொல்லும் பன்னிரு பாட்டியல் என்னும் பழைய இலக்கண நூல், 16 வயது வரை காளை என்றும், அதைக் கடந்து 30 வரை விடலை என்றும், அதற்கும் மேற்பட்டவனை முதுமகன் என்றும் கூறுகிறது. (நாற்பதைத் தாண்டியும் இளைஞரணியில் பொறுப்பு வகிப்போர் இந்த நூற்பாவைப் படிக்காதிருப்பதே நல்லது.) ஆகவே பத்து வயதுச் சிறுவனை விடலை என்பது கணக்கிலேயே உதைக்கிறது. அதைவிடப் பெரிய பிழை, விடலை ஆண்பாற்சொல் என்பதை மறந்தது. பெண்களுக்குப் பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை என்று தனி வரிசையே இருக்க, ‘விடலைப் பெண்’ என்று எழுதுவது ‘காளைப் பெண்’ என்பதற்கு ஒப்பாகும். போதாக்குறைக்கு, இன்றைய பேச்சில் ‘விடலைப் பையன்கள்’ என்றால் தெருமுனையில் நின்று வம்பு செய்கிறவர்கள் என்றே பொருள்படுகிறது. அந்த ஏளனத்தை ஒரு பருவத்தின் பெயரிலேயே ஏற்றிவைப்பது எவ்வகையில் முறை?

‘பதின்ம வயது’ என்பாரும் உளர். பத்தின் அடிப்படையிலான எண்முறைக்குப் பதின்மம் என்று பெயர் வைத்தாயிற்று. பதின்மர் என்றால் பத்துப் பேர். இவ்விரண்டிலும் வயதுக்கு இடமில்லை. ஆங்கிலத்தில் 13 முதல் 19 வரை ‘டீன்’ என்ற ஒரே ஈறு ஒலிப்பதைப் பார்த்துத் தமிழில் ‘பதின்’ என்ற தொடக்கமும் அவ்வாறே இருக்கும் என்று கருதியவர்கள், பதினொன்று உள்ளே வந்துவிடுவதையும் பத்தொன்பது வெளியே நின்றுவிடுவதையும் கவனிக்கவில்லை. மூலமொழியின் ஒலியைத் துரத்துவதே மொழிபெயர்ப்பு என்று எண்ணுகிறவர்களிடம் வேறு எதை எதிர்பார்க்க முடியும்?

இத்தனைக்கும் சரியான சொல் அங்கன்வாடிகளில் நாள்தோறும் புழங்குகிறது: வளரிளம் பருவம். ‘வளர்’ என்னும் வினையடி காலம் காட்டாமல் இளமையோடு சேர்ந்து வினைத்தொகையாக நிற்பதால், வளர்ச்சி முடியவில்லை என்ற மூலப்பொருள் சிதையாமல் கிடைக்கிறது, இருபாலுக்கும் பொருந்துகிறது, யாரையும் இழிவுபடுத்தவில்லை. தலைப்புக்கு நீளம் என்று அலுத்துக்கொள்ளும் துணையாசிரியர்கள், அப்பருவத்தினரை வளரிளையோர் என்று சுருக்கி எழுதிக்கொள்ளலாம்.