வீரமரணம் அடைந்தவர் பெயரில் ஒரு தெரு: யாரிடம் கேட்பது, எப்படிக் கேட்பது?

ஊர்ப் பையன் எல்லையில் உயிர்விட்டான் என்றால், உடல் வந்து சேரும் நாளிலேயே "தெருவுக்கு அவன் பேரை வைக்கணும்" என்ற பேச்சு எழுந்துவிடும். அஞ்சலி செலுத்த வரும் பிரமுகர் சரி என்று தலையாட்டிவிட்டும் போவார். அதோடு வேலை முடிந்தது என்று ஊர் நினைத்துக்கொள்வதுதான் சிக்கல். குடும்ப ஓய்வூதியம் போல இது சட்டப்படி தானாக வந்து சேரும் உரிமை அல்ல. எழுத்தில் மனு போய், உள்ளாட்சி மன்றத்தில் தீர்மானம் ஆனால்தான் உண்டு.

மனு எழுதும் முன் அந்தச் சாலை யாருடையது என்று பாருங்கள். பாதி மனுக்கள் தவறான மேசைக்குப் போவது இதனால்தான். ஊருக்குள் ஓடுகிற சாலை என்பதாலேயே அது ஊராட்சியுடையது ஆகிவிடாது. ஊராட்சி ஒன்றியச் சாலையாக இருக்கலாம். மாநில நெடுஞ்சாலைத் துறையின் மாவட்டச் சாலையாகவும் இருக்கலாம். பேருந்து போகும் பெரிய சாலைக்கு ஆசைப்பட்டால் அத்தனை அலுவலகங்களிலும் கோப்பு நகர வேண்டும். அவர் பிறந்து வளர்ந்த தெருவைக் கேட்பது எளிது, பொருத்தமும் அதுதான் என்பது என் எண்ணம். புது மனைப்பிரிவு என்றால், சாலைகளைத் தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சியிடம் ஒப்படைத்தாயிற்றா என்று கேளுங்கள். ஒப்படைக்காதவரை அது தனியார் இடம்.

கிராமத்தில் வழி கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு 6 நாள் கூடுகிறது. அங்கே தீர்மானப் பதிவேட்டில் ஏற்றி, நகல் வாங்கிக்கொள்ளுங்கள். நகர்ப்புறத்தில் வார்டு கவுன்சிலர் வழியாகவோ, ஆணையரிடம் நேரடியாகவோ மனு கொடுத்து மன்றப் பொருளாகக் கொண்டுவர வேண்டும். இங்கே அடிப்படை, 1998-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம். அதன் விதிகளோடு 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது.

பெயரே இல்லாத புதுத் தெருவுக்குப் பெயர் சூட்டுவது ஒன்று, இருக்கிற பெயரை மாற்றுவது வேறு. இரண்டாவதற்கு மன்றத் தீர்மானம் போதாது, அரசின் ஒப்புதலும் வேண்டும். அதனால் '3-வது குறுக்குத் தெரு' என்று எண்ணோடு நிற்கும் தெருவையோ, பெயரில்லாத இணைப்புச் சாலையையோ தேர்ந்தெடுத்தால் எதிர்ப்பும் குறையும். சாதிப் பெயருள்ள தெரு என்றால் பெயர் மாற்றத்துக்கு இன்னொரு நியாயமும் சேரும். அப்பெயர்களை நீக்க 2025 அக்டோபரில் அரசாணையே வந்தது; விவகாரம் உயர்நீதிமன்ற மதுரைக் கிளைக்கும் போனது.

மேலிருந்து வரும் வழியும் உண்டு. நடிகர் விவேக் வாழ்ந்த விருகம்பாக்கம் பத்மாவதி நகர் பிரதான சாலைக்கு அவர் பெயர் வைக்கும்படி 2022 ஏப்ரல் கடைசியில் அவர் மனைவி முதல்வரைச் சந்தித்துக் கேட்டார். மே முதல் வாரத்திலேயே பலகை திறந்தாகிவிட்டது. படைவீரர் குடும்பமும் அந்தக் கதவைத் தட்டலாம். முதல்வரின் முகவரி பிரிவு (உதவி எண் 1100) இருக்கிறது, திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர்க்கும் கூட்டமும் இருக்கிறது. ஆனால் பிரபலத்துக்கு நகர்ந்த வேகத்தில் எல்லாக் கோப்பும் நகரும் என்று எண்ண வேண்டாம். மனுவின் ஒரு பிரதியை மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கும் கொடுங்கள். படைப்பிரிவு, பதவி, இறந்த நாள் ஆகியவற்றுக்கான ஆவணங்களைத் திரட்ட அவர்கள் உதவுவார்கள்.

ராணுவம் தன் இடத்துக்குத் தானே பெயர் வைத்துக்கொள்ளும். சென்னை ஆற்காடு சாலையில் உள்ள பரமேஸ்வரன் விஹார், போர்க்கள வீரத்துக்கான நாட்டின் உயரிய விருதான பரம்வீர் சக்ரா பெற்ற மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் பெயரில் அமைந்த ராணுவக் குடியிருப்பு. 2023 ஜனவரி 23 அன்று அந்தமானில் 21 தீவுகளுக்குப் பரம்வீர் சக்ரா பெற்றவர்களின் பெயர்களை மத்திய அரசு சூட்டியபோது, அவற்றிலும் அவர் பெயர் இடம்பெற்றது. உங்கள் தெருவுக்கு விருது கட்டாயம் என்றில்லை.

மனுவில் சாலை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, இப்போதைய பெயர் என்ன, புதுப் பெயர் தமிழிலும் ஆங்கிலத்திலும் எந்த எழுத்துக்கூட்டலில் வர வேண்டும் என்பதைத் தெளிவாக எழுதுங்கள். குடும்பத்தின் சம்மதக் கடிதமும், தெருவாசிகளின் கையெழுத்தும் சேரட்டும். பெயர் சுருக்கமாக இருப்பது நல்லது. பதவி, இனிஷியல், விருது எல்லாம் சேர்த்து நீட்டினால் மக்கள் நாலே நாளில் இரண்டு எழுத்தாக்கிவிடுவார்கள். தி.நகர் என்று சொல்கிறவர்களில் எத்தனை பேருக்குத் தியாகராயர் நினைவுக்கு வருகிறார்?

கூடவே சாலையோரம் சிலையும் வேண்டும் என்று அதே மனுவில் சேர்க்காதீர்கள். பொதுச் சாலை, நடைபாதைகளில் சிலை வைக்க அனுமதி தரக்கூடாது என்று 2013 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. அந்த ஒரு வரிக்காக மொத்தக் கோப்பும் கிடப்பில் போகும்.

தெருவாசிகளின் பயம் பெரும்பாலும் ஆவணங்களைப் பற்றியது. பெயர் மாறியதால் பழைய பத்திரம் செல்லாமல் போகாது. பட்டா சர்வே எண்ணில்தான் நிற்கிறது. ஆதார், வங்கி முகவரியை அவரவர் தேவைப்படும்போது திருத்திக்கொள்ளலாம். உத்தரவு வந்ததும் அதன் நகலைத் தபால் நிலையம், மின்வாரியம், சொத்துவரிப் பிரிவு மூன்றுக்கும் ஊர் சார்பில் கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள்.